ஏழு கம்பளிகளுக்கு அடியில்

பெதாஃபூவில் ஜூலை பனிக்காலம்.
பெற்றவளைக் குளிர் தொடக்கூடாது,
மலகாசி வீடுகளில் அப்படித்தான்.
கதவிடுக்கில் துணி திணித்து,
காதில் பஞ்சு வைத்து,
கட்டிலருகே கரியடுப்பு மூட்டி,
ஏழு கம்பளிக்குள் என்னைப் புதைத்தார்கள்.
ஏழாவது, மாமியார்
தன் தோளிலிருந்து எடுத்துப் போர்த்தியது.
அன்பு அத்தனை கனம்.

நான்காம் நாள் உடம்பு தூக்கிப்போட்டது.
என் பல் கிட்டித்த சத்தத்தில் பிள்ளை விழித்தாள்.
"குளிர்," என்றார்கள்.
எட்டாவது கம்பளியைத் தேடினார்கள்.
காய்ச்சலென்று எப்படித் தெரியும்?
அந்த அறையில் எல்லாமே சுட்டது:
பானை, சுவர்,
தலைமாட்டுச் சிலுவையும்கூட.

ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் வந்தார்கள்,
வெள்ளைச் சால்வையும் பாட்டும் கோழிச்சாறுமாக.
"சுகமா, ஹனித்ரா?"
"கர்த்தர் கிருபையால் சுகம்."
அடிவயிற்றில் யாரோ
காலூன்றி நிற்பதுபோல் இருந்தது அப்போது.
உயிரோடு ஒரு மகளைத் தந்தவரிடம்
வலிக்கிறது என்பது நன்றிகெட்டதனம்
என்று நினைத்தேன்.
பொய்யைத் துதியில் சுற்றிக் கொடுத்தேன்.
எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

கண்டுகொண்டவள் மியாங்காலி, என் நாத்தனார்,
ஓடையில் என் துணிகளை அலசியவள்.
பேற்றின் ரத்தத்துக்கு ஒரு வாடை உண்டு,
ஈர இரும்பு மாதிரி;
இரண்டு பெற்றவள், அவளுக்குத் தெரியும்.
இது அதுவல்ல.
இது வலையில் மறந்துபோன மீன்.
மூன்று முறை சோப்புப் போட்டாள், போகவில்லை.
கூச்சமான சேதி. கூடத்தில் ஆண்கள்.
சாயங்காலம்வரை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.
அந்தச் சாயங்காலத்துக்காக
இன்றும் அழுவாள்.

விளக்கேற்றும் நேரம் பக்கத்தில் வந்து குனிந்தாள்.
"பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தோம்?"
எனக்கு வரவில்லை.
மேடேறிய நாயைப்போல் மூச்சு வாங்கியது.
மணிக்கட்டில் விரல் வைத்தாள்,
எண்ணப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.
காலையிலிருந்து ஒன்றுக்குப் போனாளா?
யாருக்கும் தெரியவில்லை.
கம்பளிகளை உரித்தாள், ஒவ்வொன்றாக.
மாமியார் கதறக் கதறக்
கதவைத் திறந்தாள்.

உபதேசியார் எழுந்தார்: "முதலில் ஜெபிப்போம்."
"ஜெபிப்போம்," என்றாள். "வண்டியில்."

மாடுகள் தார்ச்சாலை தொடும்வரை
அவர் பின்னாலேயே ஓடிவந்தார்,
செருப்பில்லாமல், ஜெபித்துக்கொண்டே.
எந்த ஆராதனையிலும்
அவர் குரல் அவ்வளவு இரைத்ததில்லை.

அன்ட்சிராபே ஆஸ்பத்திரியில்
கையில் ஊசி ஏற்றிய நர்ஸ்
"செப்சிஸ்" என்றாள்.
யாரோ ஒரு பெண்ணின் பெயர்போல் கேட்டது.
"விடியட்டும் என்று இருந்திருந்தால்..."
முடிக்காமல்
அடுத்த மருந்துப் பாட்டிலை எடுக்கப் போனாள்.

பதினொரு நாள்.
பால் கட்டி, பிழிந்து, மறுபடி சுரந்தது.
மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தபோது
பேதுருவின் வீடு நினைவுக்கு வந்தது.
ஜுரமாய்க் கிடந்த அந்த மாமியாரை
அவர் கைபிடித்துத் தூக்கினார்;
அதை மட்டும்தான்
இத்தனை வருஷம் கேட்டிருந்தேன்.
அதற்கு முன்னால் யாரோ
அவளைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.
வாசற்படி தாண்டினதுமே சொல்லிவிட்டார்கள்.
எந்தப் பெண்? எந்தத் துணியை அலசியவள்?
பெயர் இல்லை.

இப்போதெல்லாம் பிள்ளை பார்க்கப் போனால்
"சுகமா?" என்று நான் கேட்பதில்லை.
அந்தக் கேள்விக்குப் பதில்
முன்கூட்டியே தைத்து வைத்திருக்கிறது.
கம்பளிக்குள் கை விடுகிறேன்.
துணியை முகர்ந்து பார்க்கிறேன்.
முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

உன்னிடமும் அதற்குத்தான் வந்தேன்.
பாட்டு அப்புறம் பாடலாம்.
சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்;
கையை அடுப்பில் காட்டிச் சூடாக்கியாயிற்று.
நேற்றிரவு நடுங்கினாயாமே.
கர்த்தருக்கு ஏற்கெனவே தெரியும்.
எனக்குச் சொல்.